கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க

என் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டவளுக்கு என் மகளைவிட ஆறு வயதுதான் கூட.

டீச்சரை 'அவள்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். அந்தத் திங்கட்கிழமை எனக்கு வந்த கோபத்துக்கு இதுவே ரொம்பக் குறைச்சல். "இனிமே இது உங்களுக்கு வேண்டாம்மா," என்று ரப்பரை மேஜை டிராயரில் போட்டு மூடினாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். எனக்கு ஐம்பது. ஜன்னலோரத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ரப்பர் ஆன்ட்டி'. அது என் காதுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

கோபம் ஆறிவிட்டது. இனி 'அவர்' என்றே எழுதுகிறேன்.

முதலாண்டுத் தேர்வுக்கு ஒரே ஆளை நேரில் பார்த்துப் பத்துப் படம் வரைய வேண்டும். ஒன்பது முடித்து, தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்தாவதையும் சேர்த்து வைத்தாக வேண்டும். மற்ற பிள்ளைகள் தேறாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம். நான் வயதுச் சலுகையில் உள்ளே வந்தவள். எனக்கு ஒரே வாய்ப்பு, போனால் போனதுதான். சேர்க்கைக் கடிதத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

"இது யாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"என் வீட்டுக்காரர்."

"பழைய போட்டோவைப் பாத்து வரைஞ்சதா?"

"இல்லங்க மேடம். எதிர்ல உக்கார வச்சு, நேர்ல பாத்துத்தான்."

"அவருக்கு உடம்பு முடியலன்னு சொன்னீங்களே?"

"ஆமா. பக்கவாதம். முகத்துல இடது பக்கம் இறங்கிடுச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைக் காட்டினார். "எங்க இறங்கியிருக்கு? காட்டுங்க."

நான் குனிந்து பார்த்தேன். ஒன்பது படம், ஒன்பது நேரான வாய். இரண்டு கண்ணும் ஒரே அளவு. இடது கன்னத்தில் வலது கன்னத்தைப் போலவே அழகாக ஒரு மடிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி வரை எனக்கே தெரியாது. ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த வாயோரத்தைத் துண்டால் துடைப்பவள் நான். கண்ணால் பார்த்ததைக் கை மாற்றியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

"படம் சுத்தமா இருக்கு. ஆனா இதுல ஆள் இல்ல," என்றார் டீச்சர். "பத்தாவதும் இப்படியே வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

கை ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டால், அதற்கு முப்பது வருஷச் சம்பளம் வாங்கியிருக்கிறது. இதே கல்லூரியில், இதே மாடி அறையில், இருபது வயதில் ஒரு வருஷம் படித்தேன். அப்பா படுத்துவிட்டார். வீட்டில் மூத்தவள் நான். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் 'டச்சப்' வேலைக்குப் போனேன். ஆரம்பத்தில் நெகட்டிவ் மேல் ஊசி மாதிரி சீவிய பென்சிலால் செய்வோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மரு, தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். மாப்பிள்ளைகளுக்கு முடி வைத்திருக்கிறேன். செத்துப்போனவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறேன். கவுண்டரில் எல்லாரும் கேட்பது ஒன்றேதான்: "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க." நானும் பார்த்துப் பண்ணிக் கொடுப்பேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒருவர்கூட 'இது நான் இல்லையே' என்று திருப்பிக் கொடுத்ததில்லை.

திருப்பிக் கொடுத்தது அந்தப் புதன்கிழமைதான்.

என் வீட்டுக்காரருக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வேண்டியிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையை விட்டு விலகும் காகிதங்களுக்கு அந்த அட்டை தேவை. ஒரு கையில் ஊன்றுகோல், மறுபக்கம் என் தோள் என்று அலுவலகப் படிகளில் ஏறினார். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த கிளார்க் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், நிமிர்ந்து இவரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"போன வாரம். நான்தான் வீட்ல எடுத்தேன்," என்றேன்.

"மேடம், இந்த போட்டோல இருக்கறவருக்கு கார்டே தேவையில்லையே."

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். "அதையேதான் சார் நானும் இவகிட்ட சொல்றேன்," என்றார். அவர் பேச்சில் 'ப'வும் 'ம'வும் வருமிடத்தில் காற்று போகும், ஆனால் கேலிக்கு மட்டும் எந்தச் சேதாரமும் இல்லை.

செல்போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் பின்னணியை வெள்ளையாக்கும்போது, பாழாய்ப்போன பழக்கத்தில் வாயை நேராக்கியிருக்கிறேன். இடது இமையைத் தூக்கியிருக்கிறேன். அச்சடித்ததும் அவரிடம்தான் முதலில் காட்டினேன். "பரவாயில்லையே, தேறிட்டேனே!" என்று வாங்கி ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வேற போட்டோ எடுத்துட்டு வாங்க. இப்ப இருக்கற மாதிரி," என்று விண்ணப்பத்தைத் தள்ளினார் கிளார்க்.

திரும்பும்போது அவர் சும்மா வரவில்லை. "பழைய கஸ்டமருக்கு மட்டும் ஸ்பெஷலா?" என்றார். நான் அவரைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, படிக்கட்டில் திரும்பி நின்று அழுதேன். அவருக்குத் தெரியாமல் அழுததாக நினைப்பு.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். போன வருஷம், சேர்க்கை நேர்காணலுக்கு நான் கிளம்பிய காலை அது. முப்பது வருஷம் கழித்து அந்தப் படிகளில் ஏறப்போகிறேன் என்ற பரபரப்பில், ஒரு கையில் சீப்பும் மறு கையில் சான்றிதழ் பையுமாக நிற்கிறேன். இவர் அறை வாசலில் வந்து நின்றார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சட்டையில் டீ சிந்தியிருந்தது. இவர் எப்போதும் அப்படித்தான், நான் படபடப்பாக இருந்தால் எதிரில் வந்து முகத்தை அஷ்டகோணலாக்கிச் சிரிக்க வைப்பார். நான் கண்ணாடியிலிருந்து திரும்பி, ஸ்டுடியோவில் ஆயிரம் பேரிடம் சொன்னதைச் சொன்னேன்: "மூஞ்சிய நேரா வச்சுக்கோங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

சீட் கிடைத்தது. மத்தியானம் வந்து பார்த்தபோது அவர் வாஷ்பேசினுக்கு அடியில் கிடந்தார். "உடனே கூட்டிட்டு வந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்," என்றார் டாக்டர். எப்போது வந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வகுப்பு தொடங்கிய நாளில் நான் போக மாட்டேன் என்று உட்கார்ந்தேன். அவர்தான் விரட்டினார். "லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்களைத்தான் முதல்ல வெளிய எடுக்கணும். நீ போ." போனேன். அந்த சீட்டுக்கு என்ன கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்துதான் தினமும் போனேன். அதையும் தோற்றுவிட்டு வந்தால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பைத்தியம் பிடிக்காத குறைதான்.

புதன் சாயங்காலம் மகள் கேட்டாள். "என்னம்மா, பத்தாவது ஆச்சா?" அவள் வெளியூரில் கிடைத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஏதோ ஒரு வேலை செய்துகொண்டு, நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள்.

"ஆகல."

"உனக்கு அம்பது வயசுல காலேஜ். எனக்கு இருபத்தஞ்சு வயசுல ரிட்டயர்மென்ட்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பாஸ் ஆகலன்னா நிறுத்திடும்மா. நான் கெளம்பணும்."

நியாயம்தான். நியாயமாகப் பேசுபவர்களிடம் சண்டைகூடப் போட முடிவதில்லை.

வியாழன் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். பலகையில் தாளைக் கிளிப் போட்டேன். பென்சில் எடுக்கவில்லை, கரித்துண்டை எடுத்தேன். ரப்பர் இல்லை.

"ஆடாம உக்காருங்க."

"எங்க ஆடறது? பாதிப் பேர் லீவுல இருக்காங்க," என்று இடது கையைக் காட்டினார்.

முகத்தை எப்போதும் வலது கண்ணிலிருந்துதான் தொடங்குவேன். அன்று இடது வாயோரத்தில் கரியை வைத்தேன். அப்போதுதான் எனக்கே புரிந்தது, இத்தனை நாள் எனக்கு இருந்தது பழக்கம் மட்டுமில்லை, பயம். ஒருவேளை சரியாகிவிடும் என்று டாக்டர் முதல் மாதம் சொன்னதை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். வரைந்துவிட்டால் அவ்வளவுதான், இதுதான் இனி அவர் முகம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

கன்னம் தொங்கியது. மூக்கிலிருந்து வாய்க்கு வரும் மடிப்பு இடது பக்கம் இல்லவே இல்லை, துணியை இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. கீழ் இமை சற்றே வெளியே திரும்பியிருந்தது. அந்தக் கண் முழுசாக மூடாது. தூங்கும்போதும் ஒரு கீற்று திறந்தே இருக்கும். எல்லாவற்றையும் போட்டேன். போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அந்தக் காலையைச் சொன்னேன். வாய் கோணியிருந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். நேராக வைத்துக்கொள்ளச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார். "அதுக்கு முன்னாடியே நான் வாஷ்பேசின் கண்ணாடில பாத்தேன். நல்லா கோணுதே, எப்படிக் கோணுதுன்னே தெரியல, உன்கிட்ட காட்டலாம்னுதான் வந்தேன்."

"எனக்குத் தெரியாம போச்சுங்க."

"எனக்கே தெரியல, உனக்கு எங்க தெரியும்? அழாத. கரி மூஞ்செல்லாம் ஆகும்."

அழுதேன். அழுதுகொண்டே முடித்தேன். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன், காது ஒன்று எங்கேயோ போயிருந்தது. ஆனால் அவர் அதில் இருந்தார்.

"காட்டு," என்று வலது கையை நீட்டினார்.

பலகையைத் திருப்பினேன். ஏதாவது கேலி சொல்வார் என்று காத்திருந்தேன். 'கேபிள் அறுந்த லிஃப்ட்' என்றோ வேறு ஏதோ. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது பக்கத்து உதடு லேசாக நடுங்கியது.

"இவ்வளவா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்த முகத்தை, அந்தக் காலைக்குப் பிறகு அவர் பார்த்ததே இல்லை. வாஷ்பேசின் கண்ணாடி நின்றால்தான் தெரியும். அவர் உட்கார்ந்தபடியே பல் துலக்குகிறார். ஷேவ் பண்ணிவிடுவது மகள். பீரோக் கண்ணாடி மேல் என் துணிகள் தொங்குகின்றன, தெரிந்தே தொங்கவிட்டேனா என்று எனக்கே தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் நான் கொடுத்ததை மட்டும்தான். ஒன்பது படம், ஒரு போட்டோ.

"வாயை மட்டும் கொஞ்சம் நேராக்கேன்," என்றார்.

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் முப்பது வருஷமா பண்ணியே. எனக்குக் கொஞ்சம் பாத்துப் பண்ணக்கூடாதா?"

கரிக்கு ரப்பர் தேவையில்லை. கட்டை விரல் போதும். ஒரே ஒரு இழுப்பு. விரலைத் தாள் வரைக்கும் கொண்டுபோனேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நாளைக்குத் தேர்வு என்பதுகூட அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாக இல்லை, நிஜமாகவே இல்லை. ஆனால் அந்த வாயைப் பார்த்து நேராக இரு என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒருமுறை போதும்.

விரலை எடுத்துவிட்டேன்.

"அப்ப இதை யாருக்கும் காட்டாத," என்றார். நான் பலகையைச் சுவரோரம் திருப்பி வைத்தேன். மகள் கடையிலிருந்து வந்தபோது வீட்டில் யாரோ செத்த மாதிரி இருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்துப் படங்களையும் சுவரில் மாட்டினேன். மாட்டும்போது என்னை நானே எல்லாக் கெட்ட வார்த்தைகளிலும் திட்டிக்கொண்டேன். வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் டீச்சரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பதைத் தாண்ட ஒரு நிமிஷம் ஆகவில்லை. பத்தாவது முன்னால் நின்றுவிட்டார்கள். என்னைக் கிண்டல் செய்யும் அந்த ஜன்னலோரப் பெண், கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அவர் பாத்தாரா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"யாருக்கும் காட்டாதன்னார்."

டீச்சர் போய் மேஜை டிராயரைத் திறந்து, என் ரப்பரை எடுத்துவந்து என் கையில் வைத்தார். மத்தியானம் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பட்டியலில் நான் இருந்தேன். முப்பது வருஷம் கழித்து, அந்த அறையில் என் இடம் என்னுடையது. பிள்ளைகள் வந்து கட்டிப்பிடித்தார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். சந்தோஷம் வரவில்லை. வரும் வரும் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் பார்த்தேன்.

கதவைத் திறந்த மகளிடம், "சீட் இருக்கு," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு இது இன்னொரு வருஷம். "டீ போடறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பாஸா?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

"பாஸ்."

"காட்டினியா?"

"காட்டினேன்."

"ம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தைத் திருப்பவில்லை. எனக்குத் தெரிந்தது வலது கன்னம் மட்டும்தான். ஸ்டுடியோவில் சில பேர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் தங்களுக்குப் பிடித்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாக டாக்டர் முன்னால், கிளார்க் முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் கூசாத மனுஷன், என் முன்னால் கூசினார். அதைச் செய்தவள் நான்.

எழுந்தேன். நாற்காலியைத் தூக்கி அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் மெல்ல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மறுபடி நாற்காலியைத் தூக்கினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, முட்டி இடிக்க, அவர் திரும்பிய பக்கம் போட்டேன்.

"என்னதான் தேவை உனக்கு? சீட்தான் கெடச்சிடுச்சே," என்றார். 'ப'வும் 'ம'வும் இல்லாத பேச்சிலேயே குரல் உடைந்தது.

"உங்களைப் பாக்கணும்."

"பாத்ததெல்லாம் போதும்."

வாயோரம் ஈரம் இறங்கியது. அவரே வலது கையால் துடைத்துக்கொள்ளப் பார்த்தார், அந்தப் பக்கம் உணர்வில்லாததால் கன்னத்தைத்தான் துடைத்தார். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. இன்னொரு தடவை கழுத்தைத் திருப்ப அவருக்குத் தெம்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கண் மூடிவிட்டது. இடது கண் மூட மாட்டேன் என்றது. அந்தக் கீற்று வழியாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் துண்டை வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.